வலது பக்கம் மங்கல்

நிவா ஷூஜி நாட்டோவைக் கிளறிக்கொண்டே இருந்தான். புளிக்கவைத்த சோயாப் பயறு நூல் நூலாக இழுபட்டு, வெளுத்து, நுரைத்து, இனிமேல் கிளறுவதற்கு ஒன்றும் இல்லை என்ற நிலைக்கு வந்த பிறகும் அவன் குச்சிகள் நிற்கவில்லை. கண் கிண்ணத்தில் இருந்தது. மனம் ஹெட்போன் கேபிளில் இருந்தது.

மேசையில் அவனுக்கு வலது கைப்பக்கம்தான் மனைவி சயோகோவின் இடம். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

"ஷூஜி, சோயா சாஸை இந்தப் பக்கம் தள்ளு."

பதில் இல்லை.

"உன்னைத்தான்."

அதற்கும் பதில் இல்லை. அவளே எழுந்து, அவன் மூக்குக்குக் கீழே கையை நீட்டி பாட்டிலை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அவன் நிமிர்ந்தான்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் இல்ல. உன் நாட்டோவுக்கு மயக்கம் வந்துடுச்சு, விட்டுடுன்னு சொன்னேன்."

சயோகோ குழந்தைகள் காப்பகத்தின் சமையல்கட்டில் வேலை செய்கிறவள். நாள் முழுக்கப் பிள்ளைகள் கத்துகிற இடம் அது. அங்கேகூட அவள் கூப்பிட்டால் யாராவது திரும்பிப் பார்க்கிறார்கள். வீட்டில்தான் சில நாட்களாக இந்தக் கூத்து. முதலில் கிண்டல் செய்தாள், அப்புறம் கத்தினாள், இப்போது கோபம் அடங்கி வெறும் வருத்தமாக உட்கார்ந்திருந்தது. இவனுக்கு நான் அலுத்துப்போய்விட்டேனோ என்றுகூட யோசித்துவிட்டாள். வாய்விட்டுக் கேட்கத்தான் பயம்.

அவனுக்கோ வேறு கவலை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆண்டுக் கடைசி போனஸில் வாங்கிய ஹெட்போன் அது. காது மெத்தைகளை எத்தனையோ தடவை மாற்றியாகிவிட்டது, தலைப்பட்டையின் தோலை அவனே ஊசி நூலால் தைத்திருக்கிறான். புதிதாக எத்தனை வந்தாலும் அவனுக்கு அதுதான். தினமும் ஆபீஸ் விட்டு வந்து, வெந்நீர்த் தொட்டியில் இறங்கிக் குளித்து எழுந்ததும், ஒரு பெண் பாடகியின் பழைய பதிவு ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருவான். அந்தப் பதிவில் வலது பக்கம் ஒருவர் வெண்கலத் தட்டின்மேல் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டே இருப்பார். முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அவன் அதைக் கேட்பான்.

ஒரு நாள் அந்தச் சத்தம் இல்லை. பாடகி இருந்தாள், பியானோ இருந்தது, தட்டு மட்டும் காணோம். வலது பக்கம் முழுக்கவே ஈரத்துணியைப் போட்டு மூடினாற்போல் மங்கிக் கிடந்தது.

அன்றைக்குப் போனது நிம்மதி. பிளக்கைக் கழற்றித் துடைத்தான். கேபிளை வளைத்தான், நீட்டினான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். போதாததற்கு எங்கிருந்தோ 'ஊ' என்று ஒரு மெல்லிய சத்தம் வேறு. மின்சாரத்தில் வரும் இரைச்சல் என்று முடிவு கட்டி, ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேட்டான். மறுபடி மாட்ட மறந்துவிட்டான். ஐஸ்க்ரீம் கூழாகி, வாங்கி வைத்த மீனும் கெட்டது. அதற்கும் சயோகோவிடம் திட்டு வாங்கியாயிற்று.

"கேபிள்தான் போயிடுச்சு," என்றான் இப்போது, நாட்டோவைச் சோற்றின்மேல் கொட்டிக்கொண்டே. "வெள்ளி பூசின செம்புல ஒண்ணு இருக்கு. அதை மாத்திட்டா சரியாயிடும்."

"என்ன விலை?"

சொன்னான்.

"நம்ம வீட்டு வாடகை கூட அதைவிடக் கம்மி," என்றாள் அவள். "ஒரு கயித்துக்கு."

"கயிறு இல்ல, கேபிள். வாங்கலாமா வேண்டாமான்னுதான் குழப்பம். இன்னைக்கு நகானோ கடைக்குப் போய்க் கேட்டுப் பாத்துட்டு வரேன்."

அதன்பிறகு அவள் ஏதோ சொன்னாள். அதுவும் அவனுக்குக் கேட்கவில்லை.

நகானோ பகுதியில் அந்த ஹெட்போன் கடை நாலாவது மாடியில். கண்ணாடிப் பெட்டிகளில் கேபிள்கள் சுருண்டு படுத்திருக்கும். சொந்த ஹெட்போனைக் கொண்டு போய், எந்தக் கேபிளை வேண்டுமானாலும் மாட்டி, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் இதைத் தாங்களே சேற்றுக்குழி என்றுதான் சொல்வார்கள். சொல்லிக்கொண்டே இறங்குவார்கள்.

மியாகோஷி என்ற விற்பனையாளன் வெள்ளை உறை போட்ட கையால் நிவாவின் ஹெட்போனை வாங்கி, காதில் வைத்துக் கண்ணை மூடினான்.

"வலது பக்கம் கொஞ்சம் மங்கலா இருக்குல்ல?" என்று நிவா கேட்டான்.

மியாகோஷிக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேட்டது. ஆனால் இந்த ஊரில் வாடிக்கையாளரின் முகத்துக்கு நேரே "இல்லீங்க" என்று சொல்லும் விற்பனையாளனை நான் இன்னும் பார்க்கவில்லை. அது ஏமாற்றுவது அல்ல, மரியாதை. கடையில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். அதோடு பழைய வாடிக்கையாளர், பல வருடம் கேட்டுப் பழகிய காது. தனக்குக் கேட்காதது அவருக்குக் கேட்கலாம் இல்லையா?

"நீங்க சொல்ற மாதிரிதான் இருக்கு," என்றான் மியாகோஷி. "லேசா உள்வாங்கின மாதிரி."

நிவா அந்த வெள்ளிக் கேபிளை மாட்டிக் கேட்டான். தட்டு வரவில்லை. பழைய கேபிள், வெள்ளிக் கேபிள், மறுபடி பழையது, மறுபடி வெள்ளி. மாடிப்படியில் பாதி இறங்கிவிட்டு, திரும்பி ஏறிப் போய் இன்னொரு தடவை கேட்டான். மியாகோஷி சிரித்த முகம் மாறாமல் மறுபடியும் உறையை மாட்டிக்கொண்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குழுக் கூட்டம். இணையத்தில் பழக்கமான ஆறு பேர், மாதம் ஒரு முறை ஒரு காபிக்கடை மாடியில் அறை எடுத்து, அவரவர் கருவிகளைக் கொண்டுவந்து பரப்பி வைத்துக்கொண்டு, ஒருவருடையதை ஒருவர் மாற்றி மாற்றிக் கேட்பார்கள். கேட்டு முடித்ததும் ஏதாவது சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். "அடிநாதம் இறுகியிருக்கு" என்பார்கள், "திரை விலகினாப்ல இருக்கு" என்பார்கள். "ஒண்ணும் தெரியலையே" என்று இதுவரை அந்த அறையில் யாரும் சொன்னதில்லை. சொன்னால் காது இல்லாதவன் என்று ஆகிவிடும். கொண்டுவந்தவர் மனசும் நோகும்.

குழுவில் மூத்தவர் ஹிராகா. தலை முழுக்க நரைத்தவர், பேச்சில் அவசரமே இராது. நிவா விஷயத்தைச் சொன்னதும் ஹெட்போனை வாங்கி, நாற்காலியில் சாய்ந்து, நெடுநேரம் கேட்டார். மற்றவர்கள் காபிக் கோப்பையைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தார்கள்.

"ம்," என்றார் ஹிராகா. "தெரியுது. வலது பக்கம் பின்வாங்குது."

அவர் சொன்ன பிறகு அடுத்தவர் வேறு என்ன சொல்வார்? ஹெட்போன் கைமாறிப் போயிற்று. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் தொமோபே என்ற பெண் தலையைச் சாய்த்து, "ஆமா, மேல் ஸ்தாயி மட்டும் கொஞ்சம் அமுங்கி இருக்கு," என்றாள். மற்ற மூவருக்கும் அப்படியே அமுங்கிற்று.

நிவாவுக்கு என்ன நிம்மதி என்கிறீர்கள். ஆகா, நம் காதில் கோளாறு இல்லை, அத்தனை பேருக்கும் கேட்கிறதே.

"ஆனா வெள்ளிக் கேபிள்லயும் அப்படியே இருந்துச்சே, ஹிராகா-சான்?" என்று நிவா மரியாதையாகக் கேட்டான்.

"புதுக் கேபிள் உடனே பேசாது. பழக்கணும். இருநூறு மணி நேரம் பாட்டு ஓட விடுங்க, அப்புறம் பாருங்க." அவர் தன் பையிலிருந்து வெள்ளிக் கேபிள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இது நான் வாங்கி இன்னும் பழக்காம வெச்சிருக்கேன். எடுத்துட்டுப் போங்க. வித்தியாசம் தெரிஞ்சா நீங்களும் ஒண்ணு வாங்கிக்கலாம்."

அந்த வாரம் முழுக்க ஹெட்போன் அலமாரி இழுப்பறைக்குள், காலுறைகளுக்கு நடுவே, யாரும் கேட்காமல் தானே பாடிக்கொண்டு கிடந்தது. நிவாவுக்கு ஆபீஸில் இருப்புக்கொள்ளவில்லை. வேலைக்கு நடுவே எழுந்து வராந்தாவில் நடந்தான். போனை எப்போதும் இடது காதில் வைத்துப் பேசுகிறவன், வலது கைக்கு எழுதுகிற வேலை இருக்குமே. அதனால் அங்கேயும் ஒன்றும் தட்டுப்படவில்லை. வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் இழுப்பறையைத் திறப்பான், கேட்பான், மூடுவான். பல் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்து இன்னொரு தடவை திறப்பான். தட்டு இல்லை. 'ஊ' மட்டும் இருந்தது. ஹிராகாவுக்குச் செய்தி அனுப்பினான். "இன்னும் பொறுங்க, பாதி வழியிலதான் அது ரொம்ப மோசமா இருக்கும்," என்று பதில் வந்தது. பொறுத்தான். கேபிள் பழகட்டும் என்று அவன் பொறுத்த ஒவ்வொரு நாளும் உண்மையில் எதற்குச் செலவாகிக்கொண்டிருந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை. துவைத்த காலுறைகளை வைக்க இழுப்பறையைத் திறந்த சயோகோ, உள்ளே ஹெட்போன் பாடுவதைப் பார்த்தாள். பிறகு அதைக் கையளவு பிளேயரோடு சேர்த்து எடுத்துத் தன் காதில் மாட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள்.

"எது மங்கலா இருக்குன்ற?"

"வலது பக்கம். எடுக்காத, அது இன்னும் பழகி முடியல."

"எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு."

"உனக்குத் தெரியாது. கேட்டுப் பழகின காதுக்குத்தான் அது புரியும். ஹிராகா-சானுக்கே வலது பக்கம் பின்வாங்கிக் கேட்டுச்சு."

"வலது பக்கம் யாரோ பெருக்கற மாதிரி சர்சர்னு ஒரு சத்தம் வருதே, அதுவா?"

நிவாவின் கையிலிருந்த தேநீர்க் கோப்பை நடுவழியில் நின்றது.

"அது உனக்குக் கேக்குதா?"

"ஏன், கேக்கக் கூடாதா? பாட்டைவிட அதுதான் கேக்குது. நாராசமா."

அவன் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தான். இல்லை. சயோகோ அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவன் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டினாள். வலது கிண்ணம் இடது காதுக்குப் போயிற்று. கேபிள் கெட்டிருந்தால் இப்போது இடது காதில்தான் மங்க வேண்டும்.

தட்டு வந்தது. இடது காதில், அரிசி புடைக்கிற மாதிரி, துல்லியமாக. எத்தனை நாளாகத் தேடிய சத்தம். வலது காதில், முன்பு குறையே இல்லாமல் பாடிக்கொண்டிருந்த பக்கம், ஈரத்துணிக்கு அடியில் போய்விட்டது.

"சயோகோ," என்றான். குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "கேபிள் இல்ல."

அவள் அடுப்பை அணைத்தாள். "ஸ்டேஷன் பக்கத்துல காது டாக்டர் மத்தியானம் வரைக்கும் இருப்பாங்க. செருப்பை மாட்டு."

காது சோதிக்கும் அறை ஒரு அலமாரி அளவுதான். ஒரு நாற்காலி, கையில் ஒரு பொத்தான், தலையில் பழைய ஹெட்போன். அதன் கேபிள் கெட்டியான கறுப்பு ரப்பர், எந்தக் கடையும் கண்ணாடிப் பெட்டியில் வைக்காத ரகம். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். இடது காதுக்கு நிவா சட்டுச்சட்டென்று அழுத்தினான். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலும் என்று காத்திருந்தான். சின்னக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நர்ஸ் குமிழைத் திருப்புவது தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஆரம்பித்து நேரமாகிவிட்டது.

"எப்ப இருந்து இப்படி?" என்று டாக்டர் அம்மா கேட்டாள்.

"கேபிள் கெட்டுப்போனதுல இருந்து," என்றான் நிவா. சொன்ன பிறகுதான் அது எப்படி இருக்கிறது என்று உறைத்து, விவரத்தைச் சொன்னான்.

"இது காதுக்குள்ள நரம்புப் பக்கம் வர்ற கோளாறு. திடீர்னு ஒரு நாள் ஒரு காது மட்டும் மங்கிடும், 'ஊ'ன்னு ஒரு இரைச்சலும் வரும். முதல் சில நாள்லயே மருந்து ஆரம்பிச்சா திரும்பக் கிடைக்கிற வாய்ப்பு அதிகம். தள்ளிப்போடத் தள்ளிப்போடக் குறையும். இதுவரைக்கும் யார்கிட்டயுமே கேக்கலையா நீங்க?"

"கேட்டேனே, டாக்டர். கடைக்காரரையும் சேத்து ஆறு பேர்கிட்ட கேட்டேன். ஆறு பேருக்கும் வலது பக்கம் மங்கலாத்தான் கேட்டுச்சு."

டாக்டரின் பேனா நின்றது. "அப்ப ஆறு பேருக்கும் வலது காது போயிடுச்சா?"



வெளியே மருந்துக்காகக் காத்திருக்கும்போது சயோகோ எழுந்து, சுற்றி வந்து, அவனுக்கு இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை நாளா நான் கேக்காத காதுகிட்ட சண்டை போட்டிருக்கேன்," என்றாள். "என்னைப் பிடிக்காமப் போச்சுன்னு நினைச்சேன்."

"மீனைக் கெடுத்ததுக்கு என்னைத் திட்டினியே, அது மட்டும் நல்லாவே கேட்டுச்சு," என்றான் அவன். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அடுத்த கூட்டத்துக்கு சயோகோவும் கூட வந்தாள். மருந்தில் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஆண்குரல், பஸ் சத்தம், கதவு சாத்தும் சத்தம் எல்லாம் வலது காதுக்கு வந்துவிட்டன. மேல் ஸ்தாயி வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாள். சாலையில் வண்டி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாமல் அவன் தடுமாறுவதால், சயோகோ கையைப் பிடித்துத்தான் கூட்டிவந்தாள்.

ஹிராகாவிடம் கேபிளைத் துணிப்பையில் சுற்றி, இரவல் வாங்கிய பொருளை வெறுங்கையோடு திருப்பித் தரக் கூடாதே என்று ஒரு பெட்டி பலகாரத்தோடு நீட்டினான் நிவா.

"எப்படி? கேபிள் பழகி, சத்தம் திறந்துச்சா?" என்று ஹிராகா ஆவலாகக் கேட்டார்.

நிவா நடந்ததைச் சொன்னான். யாரையும் குற்றம் சொல்லாமல், நோகடிக்காமல்தான் சொன்னான்.  தொமோபே முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"அந்த மருந்தை எத்தனை பேருக்கு என் கையால எடுத்துக் குடுத்திருக்கேன்," என்றாள். "சீக்கிரம் வந்தீங்களே நல்லதுன்னு சொல்லியே குடுப்பேன். அன்னைக்கு உங்க ஹெட்போன் எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு, நிவா-சான். எல்லாரும் மங்கல்னு சொல்லும்போது நான் மட்டும் எப்படி மாத்திச் சொல்றதுன்னு..."

நிவா தன் பையிலிருந்து ஹெட்போனை எடுத்தான். பழைய கேபிள்தான் மாட்டியிருந்தது. அதே பாட்டைப் போட்டு ஹிராகாவிடம் கொடுத்தான்.

"இன்னொரு தடவை கேளுங்க, ஹிராகா-சான். வலது பக்கம் எப்படி இருக்கு?"

ஹிராகா கேட்டார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தலையைக் கவிழ்த்தார். "ரெண்டு பக்கமும் சமம்," என்றார். "அன்னைக்கும் சமம்தான். மூத்தவன், எனக்கு ஒண்ணும் தெரியலன்னு சொன்னா என்ன நினைப்பாங்களோன்னு சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க."

ஹெட்போன் அன்று போலவே கைமாறிற்று. "சமம்." "நல்லாவே இருக்கு, குறை ஒண்ணும் இல்ல." "சமம்தான்." தொமோபே ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். ஒவ்வொருவரும் சொல்லச் சொல்ல நிவா நினைத்துக்கொண்டான். அன்று இதில் ஒரே ஒரு ஆள் இதைச் சொல்லியிருந்தால் போதுமே. ஆனாலும் கேட்கக் கேட்க உள்ளே ஏதோ இறங்கி லேசாயிற்று.

கடைசியாக அது சயோகோவிடம் வந்தது. அவள் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பெருக்கற சத்தம் அங்கதான் இருக்கு," என்றாள் அவன் இடது காதருகே. "இன்னும் நாராசமாத்தான் இருக்கு."

நிவா சிரித்துவிட்டான். சிரிப்பு அடங்கியதும் எல்லோரையும் பார்த்துச் சொன்னான்:

"கேபிளை மாத்தினா லாபமான்னுதான் உங்ககிட்ட வந்தேன். இந்தக் கேபிள்ல ஒரு குறையும் இல்ல, பழசே எனக்குப் போதும். உங்க மேல எனக்குக் கோபமும் இல்ல. உங்க சாமானைக் கேட்டுட்டு நானும் எத்தனையோ தடவை தெரியாததைத் தெரியுதுன்னு சொல்லியிருக்கேன். இனிமே நமக்குக் கேக்கலேன்னா கேக்கலேன்னு சொல்லிடுவோம். மனசு நோகும்னு நீங்க ஆட்டின தலைக்கு, நான் ஒரு காதைக் குடுத்திருக்கேன்."